ஐஸ் ரோட்டில் நின்றுபோன காரை இன்னொரு காரால் தள்ளலாமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பீங்க, எந்த ஊர்னு தெரியாமலேயே ஃபார்வேர்டு பண்ணியும் இருப்பீங்க.

2016 டிசம்பர் 5. கனடாவில் மாண்ட்ரியல் நகரம். பீவர் ஹால்னு ஒரு இறக்கமான தெரு. மேலே ஒரு கட்டடத்தின் ஜன்னலிலிருந்து யாரோ படம் எடுக்கிறாங்க. ஒரு சிட்டி பஸ் மெதுவா, ரொம்ப மெதுவா, பக்கவாட்டில் திரும்பிக்கிட்டே கீழே இறங்குது. கீழே நிக்கிற வண்டிகள் மேல போய் இடிக்குது. அடுத்து இன்னொரு பஸ். அப்புறம் ஒரு பிக்கப். உதவிக்கு வர்ற போலீஸ் காரும் சறுக்கி வந்து இடிக்குது. கடைசியா, அந்தப் பனியை ஒதுக்குறதுக்காகவே இருக்கிற பெரிய வண்டி வருது. அதுவும் சறுக்கிப் போய் போலீஸ் கார் மேலயே மோதுது.

பார்க்க நகைச்சுவைப் படம் மாதிரி இருக்கும். ஆனா கவனிச்சுப் பாருங்க, அந்த வீடியோவில் யாரும் வேகமா வரலை. எல்லா டிரைவரும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. வண்டி நிக்கலை, அவ்வளவுதான்.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, போன மாசம் டொராண்டோவில் படிக்கிற ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ஐஸ் ரோட்டில் ஃபிரெண்டோட கார் ஆஃப் ஆகி நின்னுடுச்சு. பின்னாடி என் கார் இருக்கு. பம்பரோட பம்பர் வச்சு மெதுவா தள்ளி ஓரங்கட்டலாமா?" நல்ல கேள்வி. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் முதுகு சில்லுன்னு ஆச்சு. ஏன்னா இதை நான் பண்ணியிருக்கேன்.

நான் ரெண்டு குளிர்காலம் ஸ்கார்பரோவில் இருந்தேன். டொராண்டோவின் கிழக்குப் பகுதி, ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழுற இடம். ஒரு ஜனவரி காலை, மைனஸ் 17 டிகிரி. அபார்ட்மெண்ட் பின்னாடி இருக்கிற பார்க்கிங்கில் ரூம்மேட்டோட பழைய செடான் கார். எப்படியோ ஸ்டார்ட் ஆகி, தன் இடத்தை விட்டு வெளியே வந்து, நட்ட நடு வழியில் உயிரை விட்டுடுச்சு. எங்க பின்னாடி வேலைக்குப் போகணும்னு ரெண்டு மூணு வண்டி காத்துக்கிட்டு இருக்கு. இன்னொரு ரூம்மேட்கிட்ட ஒரு எஸ்.யூ.வி. இருந்துச்சு. "இதுல இவ்வளவு குதிரைத்திறன் இருக்கு, ஒரு சின்னக் காரைத் தள்ளாதா?" இதுதான் எங்க மொத்தத் திட்டமும்.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல, அந்தத் திட்டம் ஏன் அடிப்படையிலேயே தப்புன்னு பார்ப்போம்.

எஞ்சின் எவ்வளவு பெருசா இருந்தாலும், அது ரோட்டை நேராத் தொடுறதில்லை. ரோட்டைத் தொடுறது நாலு டயர். ஒவ்வொண்ணும் தொடுற இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. எஞ்சின் தர்ற விசை எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். அங்கே பிடி இல்லைன்னா, நூறு குதிரை இருந்தாலும் முந்நூறு குதிரை இருந்தாலும் ஒண்ணுதான்.

அந்தப் பிடியை ஒரு எண்ணா சொல்லுவாங்க, உராய்வுக் கெழுன்னு. ஸ்கூலில் படிச்சிருப்போம். காய்ஞ்ச தார் ரோட்டில் இது சுமார் 0.7. டயர் மேல 100 கிலோ எடை இருந்தா, கிட்டத்தட்ட 70 கிலோ அளவுக்கு அது ரோட்டைப் பிடிச்சுத் தள்ள முடியும்னு அர்த்தம். இறுகின பனியில் 0.2, 0.3. ஐஸில் சுமார் 0.1. பூஜ்யம் டிகிரி பக்கத்தில், மேல லேசா தண்ணி படிஞ்ச ஐஸா இருந்தா இன்னும் கீழே போகும். ரொம்பக் குளிர்ந்த ஐஸை விட உருகப் பார்க்கிற ஐஸ்தான் அதிகம் வழுக்கும். "மைனஸ் ஒண்ணுதானே, பெரிய குளிர் இல்லையே"ன்னு ஊருக்குப் புதுசா வந்தவங்க ஏமாந்து போற இடம் இதுதான்.

ஐஸ் ஏன் வழுக்குதுங்கிறதே ஒரு பெரிய கதை. நம்ம எடை அழுத்தி ஐஸ் உருகுது, அதனால வழுக்குதுன்னு ரொம்ப நாள் பாடப் புத்தகங்களில் இருந்துச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தா அந்த அழுத்தம் போதாது. 1850-லேயே மைக்கேல் ஃபாரடே வேற ஒரு யோசனை சொன்னார்: உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் திரவம் மாதிரி ஒரு மெல்லிய படலம் இருக்கு. 1939-இல் பௌடன், ஹியூஸ்னு ரெண்டு பேர், தேய்க்கும்போது வர்ற சூடே ஐஸை உருக்குதுன்னு சோதனை பண்ணிக் காட்டினாங்க. இதுக்குத் தனி எபிசோடே போடலாம். இப்போதைக்கு நமக்கு வேண்டியது ஒண்ணு. டயர் ஐஸ் மேல சும்மா சுத்தினா, அந்தத் தேய்ப்பே ஐஸை உருக்கி, மெருகேத்தி, இன்னும் வழுவழுன்னு ஆக்கிடும். மாட்டிக்கிட்டவங்க பயத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த நிலைமை மோசமாகுறது இதனாலதான்.

சரி, நம்ம ரெண்டு காருக்கு வருவோம். ஒவ்வொண்ணும் 1500 கிலோன்னு வச்சுக்குவோம். தள்ளுற கார் முன்சக்கரம் இழுக்கிற வகை. எடையில் சுமார் 60 சதவீதம் முன்சக்கரத்து மேல இருக்கும், அதாவது 900 கிலோ. காய்ஞ்ச ரோட்டில் அது 630 கிலோ அளவுக்குத் தள்ளலாம். ஐஸில் 0.1, அப்போ 90 கிலோ. நம்ம கையில் இருக்கிற மொத்தக் காசு இந்த 90 கிலோதான்.

இப்போ செலவைப் பார்ப்போம். சமதளத்தில் ஒரு காரை உருட்டுறதுக்கு அதன் எடையில் ஒண்ணு, ஒண்ணரை சதவீத விசை போதும். 15 முதல் 20 கிலோ. ரெண்டு காருக்கும் சேர்த்து 40-னு வச்சுக்கலாம். கையில் 50 மிச்சம். அப்போ தள்ள முடியும்! ஆமா, சுத்தமான சமதளத்தில், ஐஸ் மேல கூட, ஒரு கார் இன்னொரு காரைத் தள்ளும். யூடியூப்பில் அப்படி வர்ற வீடியோக்கள் எல்லாம் பொய் இல்லை.

ஆனா ரோடு நூறு அடிக்கு மூணு அடி ஏறுதுன்னு வைங்க. கண்ணுக்குச் சரிவுன்னே தெரியாது. அந்த மூணு சதவீதத்துக்கு ஒவ்வொரு காருக்கும் 45 கிலோ வேணும். ரெண்டுக்கும் 90. கையில் இருக்கிறதே 90. உருட்டுற செலவு 40 இன்னும் பாக்கி. கதை முடிஞ்சுது. டயர் சுத்தும், வண்டி நகராது. இல்லைன்னா ரெண்டும் சேர்ந்து பின்னாடி வரும்.

இதையே இறக்கத்துக்குத் திருப்பிப் போடுங்க. பிடி 0.1 இருக்கிற ஐஸில், நூறு அடிக்குப் பத்து அடி இறங்குற தெரு. பூமி உங்களைக் கீழே இழுக்கிற விசையும், நாலு டயரும் முழுசாப் பிரேக் பிடிச்சுத் தர்ற விசையும் சமம். அதாவது, ஒரு தடவை நகர ஆரம்பிச்சுட்டா பிரேக்கால் அதை நிறுத்தவே முடியாது. எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும் சரி. எதையாவது மோதுற வரைக்கும் போகும். மாண்ட்ரியல் வீடியோவில் அந்த பஸ்கள் அவ்வளவு மெதுவா வந்தும் நிக்காததுக்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சமதளத்திலேயே நிறுத்துற தூரத்தைப் பாருங்க. 30 கிலோமீட்டர் வேகத்தில் போற கார், காய்ஞ்ச ரோட்டில் பிரேக் பிடிச்ச இடத்திலிருந்து 5 மீட்டரில் நிக்கும். ஐஸில் 35 மீட்டர். ஒரு காரோட நீளம் நாலரை மீட்டர்னா, எட்டு கார் நீளம். அதே ஐஸில் 10 கிலோமீட்டர் வேகம்னா 4 மீட்டர் போதும். நடக்கிற வேகத்துக்கும் சைக்கிள் வேகத்துக்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் இருக்கு.

இங்கே பலர் ஒரு பயத்தைச் சொல்லுவாங்க: "எஞ்சின் ஆஃப் ஆன காரில் பவர் ஸ்டீயரிங் இருக்காது, பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், அதான் ஆபத்து." இது உண்மைதான், ஆனா ஐஸில் இது முக்கியப் பிரச்சினை இல்லைன்னு நான் நினைக்கிறேன். எஞ்சின் நின்ன பிறகும் பிரேக் பூஸ்டரில் ஒண்ணு ரெண்டு மிதிக்கு உதவி மிச்சம் இருக்கும். அது தீர்ந்த பிறகு பலமா மிதிக்கணும். ஆனா ஐஸில் பலமா மிதிச்சு என்ன பண்ணப் போறீங்க? லேசா மிதிச்சாலே சக்கரம் பூட்டிக்கும். பேட்டரியும் செத்துப் போயிருந்தா ஏ.பி.எஸ். வேற கிடையாது. ஸ்டீயரிங்கும் அப்படித்தான். தார் ரோட்டை விட ஐஸ் மேல திருப்புறது சுலபம். சக்கரம் திரும்பும், வண்டிதான் திரும்பாது.

உண்மையான ஆபத்து வேற ரெண்டு இடத்தில் இருக்கு.

முதல்ல, தள்ளுறது ஒருவழிப் பாதை. கயிறு கட்டி இழுத்தா இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பம்பரால் தள்ளினா தள்ளத்தான் முடியும், பிடிச்சு நிறுத்த முடியாது. முன்னாடி இருக்கிற காருக்கு வேகம் கொடுக்கிறது ஒருத்தர், அதை நிறுத்த வேண்டியது இன்னொருத்தர். ஆக்சிலரேட்டர் உங்க காலில், பிரேக் அவர் காலில். நீங்க கொடுத்த வேகம் அதிகம்னு உங்களுக்குத் தெரியுறப்போ, அது உங்க கையை விட்டுப் போயிருக்கும். அவர் பயந்து பிரேக் அடிச்சா, நீங்களும் நிக்கணும். உங்களுக்கும் அதே 0.1 தானே?

ரெண்டாவது, நேர்கோடு. ஒரு கண்ணாடி மேஜை மேல பென்சிலை நீளவாக்கில் வச்சு, பின்முனையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்க. கொஞ்ச தூரம் நேராப் போகும், அப்புறம் சடார்னு திரும்பிடும். நடுப் புள்ளியிலிருந்து கொஞ்சம் விலகினா, தள்ளத் தள்ள அந்த விலகல் பெருசாகும். காய்ஞ்ச ரோட்டில் டயரோட பக்கவாட்டுப் பிடி இதைத் திருத்தி நேராக்கிடும். ஐஸில் அந்தப் பக்கவாட்டுப் பிடியும் அதே சின்னப் பையிலிருந்துதான் வரணும். டயர் சுழல ஆரம்பிச்சா, இருக்கிற பிடி எல்லாம் சுழற்சிக்கே செலவாகி, பக்கவாட்டுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால முன்னாடி கார் ஒரு பக்கம் திரும்பும், பின்னாடி கார் மறுபக்கம் நழுவும். பம்பர் முனை போய் விளக்கிலயோ கதவிலயோ குத்தும்.

பம்பர்னு சொன்னதும் இன்னொண்ணு. பழைய படங்களில் பாருங்க, அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் பளபளன்னு ஒரு இரும்புப் பாளம் இருக்கும். அதால் தள்ளினா கொஞ்சம் கீறல் விழும், அவ்வளவுதான். இப்போ நாம பம்பர்னு நினைச்சுத் தொடுறது வெறும் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு நுரைக் கட்டி, அதுக்கும் உள்ளேதான் உலோகச் சட்டம். பார்க்கிங் சென்சார், ரேடார், கேமரா எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்கை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கு. மைனஸ் டிகிரியில் அந்தப் பிளாஸ்டிக் வளையாது, விரிசல் விடும்.

உயரமும் ஒத்துப் போகாது. அமெரிக்காவில் சாதாரணப் பயணிகள் காரோட பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரைக்குமான பகுதியைக் காக்கணும்னு விதி இருக்கு. எஸ்.யூ.வி.க்கும் பிக்கப்புக்கும் அந்த விதி கிடையாது. அந்த விதிப்படி பம்பரைச் சோதிக்கிற வேகமே மணிக்கு 2.5 மைல்தான். அதனால உயரமான வண்டி தாழ்வான காரைத் தள்ளும்போது, சட்டமும் சட்டமும் சந்திக்காது. எஸ்.யூ.வி.யோட மூக்கு செடானோட டிக்கி மூடியில் போய் உட்காரும். பிரேக் பிடிக்கிறப்போ தள்ளுற வண்டியோட மூக்கு வேற கொஞ்சம் கீழே அமுங்கும். அமெரிக்கப் போலீஸ் கார்களுக்கு முன்னாடி கருப்பா ஒரு இரும்புச் சட்டம் பார்த்திருப்பீங்க. நின்ன வண்டியைப் பாதையை விட்டுத் தள்ளுறதுக்குத்தான் முக்கியமா அது. அந்தச் சட்டம் பிளாஸ்டிக்கை நம்பாம நேரா வண்டியோட அடிச்சட்டத்தில் மாட்டியிருக்கும். நம்ம காரில் அது இல்லை.

இப்போ ஸ்கார்பரோ பார்க்கிங்குக்குத் திரும்பலாம்.

எஸ்.யூ.வி. பின்னாடி வந்து பம்பரைத் தொட்டுச்சு. ஆக்சிலரேட்டர் கொடுத்தான். சக்கரம் சுத்துது, வண்டி நகரலை. "டயருக்கு அடியில் கால்மிதியைப் போடு"ன்னான். போட்டேன். அப்புறம் எனக்கு ஒரு அதிபுத்திசாலி யோசனை. பம்பர் கீறாம இருக்க நடுவில் ஒரு பழைய தலையணையைப் பிடிச்சுக்கலாம்னு, ரெண்டு காருக்கும் இடையில் போய் நின்னேன். ஆமா. நிஜமாவே நின்னேன்.

பக்கத்தில் தன் காரோட கண்ணாடியைச் சுரண்டிக்கிட்டிருந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், சுரண்டுறதை நிறுத்திட்டு ஒரு சத்தம் போட்டார். "தம்பி! அங்கால வாரும்! உதுக்கு நடுவில நிக்கக் கூடாது!" அந்தக் குரலில் இருந்த கோபத்தைப் பார்த்தே நான் விலகிட்டேன். விலகி ரெண்டு நொடி இருக்கும். கால்மிதி மேல திடீர்னு டயருக்குப் பிடி கிடைச்சு, எஸ்.யூ.வி. ஒரு குதி குதிச்சு முன்னாடி வந்துச்சு. கால்மிதி அம்பு மாதிரிப் பின்னாடி பறந்துச்சு. தலையணை ரெண்டு பம்பருக்கும் நடுவில் அப்பளம். அந்த இடத்தில் என் முழங்கால் இருந்திருக்கும்.

அதோட முடியலை. அந்தக் குதியில் செடான் உருள ஆரம்பிச்சுடுச்சு. ஓரமா இருந்த காலி இடத்தில் திருப்பி நிறுத்தணும்கிறது திட்டம். ஸ்டீயரிங்கைத் திருப்பினான், கார் நேராப் போச்சு. பிரேக் மிதிச்சான், நாலு சக்கரமும் பூட்டிக்கிட்டு, கார் அதே வேகத்தில் போகுது. பார்க்கிங்கிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரு சின்ன இறக்கம் உண்டு. அதில் இறங்கி, பக்கவாட்டில் குவிச்சு வச்சிருந்த பனிமேட்டில் போய்ச் செருகி நின்னுச்சு. இன்னும் ரெண்டு கார் நீளம் போயிருந்தா பஸ் போற ரோடு. யாருக்கும் அடி இல்லை. ஒரு பம்பர் போச்சு, ஒரு பார்க்கிங் சென்சார் போச்சு. என் தூக்கம் ஒரு வாரம் போச்சு.

அதனால இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். ரெண்டு வண்டிக்கு நடுவில் நிக்காதீங்க. எஞ்சின் ஓடுற வண்டி ஒண்ணு இருந்தாலும் சரி, ரெண்டுமே நின்னிருந்தாலும் சரி. ஐஸில் 1500 கிலோ வண்டி நடக்கிற வேகத்தில் வந்தாலே கால் எலும்புக்கு அது தாங்காது. உங்க ஷூவுக்கும் அதே 0.1 பிடிதான், விலகி ஓடவும் முடியாது.

சரி, ஆட்களாவே தள்ளினா? கணக்கு சுவாரசியம். 70 கிலோ ஆள், ஷூவுக்கு 0.1 பிடி, தள்ள முடியுறது 7 கிலோ. காரை உருட்ட 15, 20 வேணும். அப்போ மூணு பேர் சேர்ந்தா சமதளத்தில் அரைகுறையா நகரும். கால் வைக்கிற இடத்தில் ஒரு கை மணல் போட்டா அந்த மூணு பேரே அஞ்சாறு பேர் பலத்துக்கு வந்துடுவாங்க. மணல், சரளைப் பொடி, பூனைக்குப் போடுற மண் இவையெல்லாம் வேலை செய்யும். உப்பு கொஞ்ச நேரம் எடுக்கும், மைனஸ் பத்துக்குக் கீழே போனா ரொம்ப மந்தமாயிடும். அன்னைக்கு மைனஸ் 17. நாங்க ஒரு பாக்கெட் சமையல் உப்பைத் தூக்கி வந்து கொட்டினது முழு வேஸ்ட்.

இப்போ இன்னொரு பழக்கம். நம்ம ஊரில் வண்டி படுத்துட்டா முதல் யோசனை என்ன? "சாவியைப் போடு, செகண்ட் கியர், கிளட்சை அமுக்கு, நாங்க தள்றோம்." நம்ம கை தானா அதுக்குப் போகும். கனடாவில் இது ரெண்டு காரணத்தால் எடுபடாது. அங்கே பெரும்பாலான கார்கள் ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள்ளே எண்ணெய் அழுத்தம் இருந்தாத்தான் கியர் பிடிக்கும். அந்த அழுத்தத்தைத் தர்ற பம்ப்பை எஞ்சின்தான் சுத்தணும். எஞ்சின் ஓடலைன்னா அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லைன்னா சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு தூரம் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. மேனுவல் காரா இருந்தாலும், கிளட்சை விட்டதும் சக்கரம் எஞ்சினைச் சுத்தணும். குளிரில் எண்ணெய் கெட்டியாகி எஞ்சின் அசையவே முரண்டு பிடிக்கும். ஐஸில் சக்கரத்துக்குப் பிடி இல்லை. சக்கரம் அப்படியே நின்னு சறுக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு தலைவலி. பேட்டரி முழுசாச் செத்தா பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாத்தவே முடியாத வண்டிகள் நிறைய. சிலதில் கியருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து உள்ளே அமுக்கணும். எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தா, அது போட்டது போட்டபடி நிக்கும். எலெக்ட்ரிக் காரில் சக்கரம் சுத்தினா மோட்டாரும் சேர்ந்து சுத்தும், அதனால கையேட்டைப் பார்க்காம நகர்த்தவே கூடாது. இந்த நிலையில் பின்னாலிருந்து தள்ளினா நீங்க உருட்டலை, பூட்டின சக்கரத்தைத் தேய்ச்சு இழுக்கிறீங்க.

குளிரில் நின்னுபோற காருக்குப் பெரும்பாலும் தேவை தள்ளு இல்லை, மின்சாரம். மைனஸ் 18 டிகிரியில் சாதாரணக் கார் பேட்டரி தர்ற சக்தி சுமாரா பாதியாயிடும். அதே நேரத்தில் எஞ்சின் கேட்கிற சக்தி கூடிடும். பேட்டரி மேல எழுதியிருக்கிற குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் அளவையே மைனஸ் 18-இல்தான் சோதிப்பாங்க. கனடாவின் மேற்குச் சமவெளி நகரங்களில் கார் முன்னாடி ஒரு பிளக் தொங்கும். ராத்திரி அதைச் சுவரில் செருகி எஞ்சினைச் சூடா வச்சுக்குவாங்க. பார்க்கிங்கிலேயே அதுக்குன்னு சாக்கெட் இருக்கும். முதல் தடவை பார்த்தப்போ எல்லாமே எலெக்ட்ரிக் கார்னு நினைச்சேன்.

அந்த யாழ்ப்பாணத்து ஐயாதான் கடைசியில் காப்பாத்தினார். டிக்கியைத் திறந்தார். மணல் மூட்டை, மடக்கு மண்வெட்டி, கம்பளி, ஜம்பர் கேபிள். தன் காரைப் பனிமேட்டுப் பக்கம் கொண்டுவந்து, தொடாம நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதலில் எங்க பேட்டரியைக் குனிஞ்சு பார்த்தார். "உப்பியிருக்கோ எண்டு பாக்கிறன்" என்றார். சார்ஜ் தீர்ந்த பேட்டரி சில டிகிரி மைனஸிலேயே உறைஞ்சிடும், உறைஞ்ச பேட்டரிக்குக் கேபிள் கொடுத்தா வெடிக்கலாம். எங்களோடது உறையலை. சிவப்பு எங்க பிளஸில், மறுமுனை அவர் பிளஸில். கருப்பு அவர் மைனஸில், கடைசி முனை எங்க பேட்டரியில் இல்லாம, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பில். கடைசி இணைப்பில் பொறி வரும், அது பேட்டரி பக்கத்தில் வரக் கூடாதுங்கிறதுக்காக. பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆச்சு.

நேயரோட கேள்விக்கு நேரடிப் பதில் வேணும் இல்லையா? என் கருத்து இது. நாலுமுனைச் சந்திப்பிலோ ரயில் தண்டவாளத்து மேலயோ நின்னு, அங்கேயே இருந்தா உயிர் போகும்னா, முதலில் ஆட்கள் இறங்கி விலகுங்க. காரை விடுங்க. தண்டவாளத்தில் இதைத் தவிர வேற யோசனையே வேண்டாம். மத்த இடத்தில், சுத்தமான சமதளம், ரெண்டு பம்பரும் ஒரே உயரம், தள்ளுற காரில் குளிர்கால டயர், முன்னாடி பத்துப் பதினைஞ்சு மீட்டர் காலி, முன்காரில் டிரைவர், சாவி ஆனில், நியூட்ரல்... இவ்வளவும் இருந்தா, இடிக்காம மெதுவாத் தொட்டு, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, உடனே விலகிக்கலாம். அதுக்கு மேல அவர் தானா உருண்டு போய் நிக்கட்டும். இதில் ஒண்ணு குறைஞ்சாலும் நான் பண்ண மாட்டேன். சரிவில் எந்த நிலையிலும் பண்ண மாட்டேன்.

ஹைவேயில் நின்னுட்டா தள்ளுற பேச்சே கிடையாது. எச்சரிக்கை விளக்கைப் போடுங்க, டோ டிரக்குக்குக் கூப்பிடுங்க. தடுப்புக்கு அப்பால் பத்திரமா நடந்து போக வழியிருந்தா போங்க. இல்லைன்னா சீட் பெல்ட்டோட உள்ளேயே இருங்க. நீங்க சறுக்கின அதே இடத்தில்தான் அடுத்த காரும் சறுக்கும், அது வர்றப்போ நீங்க வெளியே நிக்கக் கூடாது. ஹீட்டருக்காக எஞ்சின் ஓடுதுன்னா, புகைக்குழாயைப் பனி அடைச்சிருக்கான்னு அப்பப்போ பாருங்க. அடைச்சா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே இருக்காது.

டயர் விஷயம் ஒண்ணு. கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், இப்போ டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும். மாண்ட்ரியல் வீடியோ வந்த 2016-இல் அந்தத் தேதி டிசம்பர் 15-ஆ இருந்துச்சு. சம்பவம் டிசம்பர் 5. பனி சட்டத்தைப் பார்த்து வரலை. டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோவில் கட்டாயமே இல்லை. ஆனா ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயரோட ரப்பர் விறைச்சுடும், குளிர்கால டயரோட ரப்பர் மெதுவாவே இருக்கும். மாணவர்கள் பழைய கார் வாங்குறப்போ இந்தக் காசைத்தான் முதல்ல மிச்சம் பிடிப்பாங்க. நாங்களும் பிடிச்சோம்.

சென்னையில் உட்கார்ந்து இதைக் கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மணாலி ட்ரிப் போறீங்கன்னா, சோலாங்கிலிருந்து அடல் சுரங்கப் பாதை போற ரோடு குளிர்காலத்தில் இதே கதைதான். 2024 டிசம்பர் கடைசியில் பனி கொட்டி, அந்த வழியில் சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கிச்சு. மலை ரோடு, அதனால சமதளம்கிற பேச்சுக்கே இடமில்லை. டாக்ஸி சறுக்கினா "வாங்க தள்ளலாம்"னு எல்லாரும் இறங்கிப் பின்னாடி போய் நிக்கிறது வீடியோவில் வருது. ஏத்தத்தில் நிக்கிற வண்டிக்குப் பின்னாடி நிக்காதீங்க. டிரைவர் சக்கரத்துக்குச் செயின் மாட்டுற வரைக்கும் மலைப்பக்கமா ஒதுங்கி நில்லுங்க.

அந்த ஐயாவுக்கு அன்னைக்கு நாங்க டீ வாங்கிக் கொடுக்கப் போனோம். அவர் வாங்கிக்கலை. "முதல்ல போய் ஒரு கேபிள் வாங்குங்கோ" என்றார். அந்தச் சாயங்காலமே வாங்கினோம். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் நாலு தடவை எடுத்தோம், அதில் மூணு தடவை அடுத்தவங்க காருக்கு.

உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.